பிரெஞ்சு இரவு விருந்து: எந்தத் தட்டுக்கு எந்த ஒயின்? முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சுக்காரர் வீட்டு விருந்தில் எல்லாப் பதார்த்தமும் ஒரே நேரத்தில் மேசைக்கு வராது. முதலில் பசியைத் தூண்டும் பானமான அப்பெரிதிஃப், அப்புறம் அந்த்ரே என்ற முதல் தட்டு, பிறகு பிரதானத் தட்டு, அதற்குப் பின் சீஸ், கடைசியில் இனிப்பு. மூன்று மணிநேரம் சர்வசாதாரணமாக ஓடிவிடும். யுனெஸ்கோ 2010-இல் இந்த விருந்து முறையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, உணவுக்கேற்ற ஒயினைப் பொருத்துவதையும் அதன் ஓர் அங்கமாகக் குறிப்பிட்டது.

பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் நம்மவர்கள் ஏராளமானோர் நிற்கிறார்கள். சாஸ் வகைகள் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் பிரெஞ்சு நண்பர்களை வீட்டுக்கு அழைக்கும் நாளில், ஒயின் கடையில் பாட்டில் வரிசைக்கு முன்னால் நின்று விலையை மட்டும் பார்த்து எடுத்துவருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவும், ஒரு முழு பிரெஞ்சு விருந்தைச் சரியாகச் செய்துபார்க்க விரும்பும் எவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஆறு பேருக்கான குளிர்கால விருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் சீஸ் போட்டுச் சுட்ட கூஜேர், பிறகு பச்சைக் கடற்சிப்பி, பூண்டு செருகிச் சுட்ட ஆட்டுத்தொடை, சீஸ் தட்டு, முடிவில் தார்த் தத்தான் என்ற தலைகீழ் ஆப்பிள் பை. உங்கள் பட்டியல் வேறாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் நாக்குக்கு ஒரு பயிற்சி

விருந்துக்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்துபாருங்கள். புளிப்பான வெள்ளை ஒயின் ஒன்று, துவர்ப்பான இளம் சிவப்பு ஒயின் ஒன்று. விலை குறைந்தவையே போதும். ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டு, சர்க்கரை, உப்புத் தூக்கலான கெட்டி சீஸ், டப்பாவில் வரும் மத்திமீன் ஆகியவற்றை வையுங்கள்.

வெள்ளை ஒயினை ஒரு வாய் குடியுங்கள். பிறகு எலுமிச்சையைக் கடித்துவிட்டு மறுபடி குடியுங்கள். சற்று முன் கூர்மையாக இருந்த ஒயின் இப்போது மழுங்கி, கிட்டத்தட்ட இனிப்பாகத் தெரியும். தண்ணீர் குடித்து நாக்கைத் தெளியவைத்துக்கொண்டு, சர்க்கரையைத் தொட்டுக்கொண்டு குடியுங்கள். அதே ஒயின் வெறும் புளித்தண்ணீராகிவிடும். உணவில் புளிப்பு இருந்தால் ஒயினில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் புளிப்பு வேண்டும், உணவு இனிப்பென்றால் ஒயின் அதைவிட இனிப்பாக இருக்கவேண்டும் என்ற இரண்டு விதிகளும் இதிலிருந்து வருபவைதான்.

அடுத்து சிவப்பு. தனியாகக் குடித்தால் நாவல்பழம் தின்றதுபோல ஈறும் நாக்கும் வறண்டு இழுக்கும். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் என்ற துவர்ப்பு அது. சீஸைக் கடித்துவிட்டுக் குடித்தால் அந்த இழுப்பு தணிந்துவிடும். எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்து வாயை வறட்டும் டானினுக்கு இப்போது சீஸின் புரதமும் கொழுப்பும் கிடைத்துவிடுகின்றன. உப்பும் கசப்பைக் குறைக்கிறது. கடைசியாக மத்திமீனோடு அதே சிவப்பை ஒரு வாய் எடுங்கள். இரும்பு நக்கியதுபோல ஒரு கவிச்சி பின்னால் எழும். சிவப்பு ஒயினில் கரைந்திருக்கும் இரும்புச்சத்து, மீன் கொழுப்போடு சேரும்போது செய்யும் வேலை அது.

இந்த நான்கு அனுபவங்களும் நாக்கில் பதிந்துவிட்டால், கடைக்காரர் சொல்வதை எடைபோட உங்களுக்கே தெரியும்.

பிரதானத் தட்டிலிருந்து தொடங்குங்கள்

பலரும் விருந்து நடக்கும் வரிசையிலேயே ஒயினையும் யோசிக்கிறார்கள். ஷாம்பெய்னில் தொடங்கி, பணம் தீர்ந்துபோய், ஆட்டுத்தொடைக்குக் கிடைத்ததை வாங்குகிறார்கள். நான் நடுவிலிருந்து தொடங்கச் சொல்வேன். பிரதானத் தட்டுக்கான ஒயினை முதலில் முடிவுசெய்யுங்கள். அதற்கு முன் வருபவை எல்லாம் அதைவிட லேசானவையாக இருக்கவேண்டும். பின்னால் வரும் சீஸ், அந்த ஒயினை மிச்சமின்றிக் குடித்து முடிக்க உதவவேண்டும்.

தட்டைப் பார்க்கும்போது இறைச்சியின் பெயரைவிட சாஸையும் சமைத்த விதத்தையும் கவனியுங்கள். கோழி என்று மட்டும் சொன்னால் எந்த ஒயின் என்று யாராலும் சொல்லமுடியாது. உப்பும் வெண்ணெயும் தடவி அடுப்பில் சுட்ட கோழிக்கு ஒரு பூர்கோன் (பர்கண்டி) வெள்ளையும் பொருந்தும், லேசான சிவப்பும் பொருந்தும். அதையே சிவப்பு ஒயினில் ஊறவைத்து, பன்றிக்கொழுப்பும் காளானும் சேர்த்து வேகவைத்தால், அந்தக் கருஞ்சாற்றுக்கு முன்னால் எந்த வெள்ளையும் நிற்காது. க்ரீமும் மோரீல் காளானும் போட்டால் கதை இன்னும் மாறும். ஜூரா மலைப்பகுதியில் அதை வேன் ஜோன் என்ற மஞ்சள் ஒயின் ஊற்றியே சமைக்கிறார்கள். சவன்யேன் திராட்சையிலிருந்து வரும் இந்த ஒயின், குறையும் பீப்பாயை நிரப்பாமல், மேலே ஈஸ்ட் படலம் மூடியிருக்க, ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து பாட்டிலுக்கு வருகிறது. பாட்டிலும் 62 சென்டிலிட்டர்தான். முந்திரி, அக்ரூட், வறுத்த வெந்தயம் எல்லாம் கலந்த மணம் வரும். எல்லாருக்கும் முதல் வாயிலேயே பிடித்துவிடாது. ஆனால் க்ரீம் சாஸோடு அதைச் சாப்பிட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

இனி நம் ஆட்டுத்தொடை. கொழுப்பும் புரதமும் நிறைந்த, நடுவில் இளஞ்சிவப்பாக விட்டுச் சுட்ட இறைச்சி. வெளிப்புறம் கருகிய உப்பு. கூடவே வெள்ளைப் பீன்ஸ். துவர்ப்பான சிவப்பு கேட்கும் தட்டு இது. போர்தோவின் மெதோக் பகுதியில் காபெர்னே சொவிந்யோன் திராட்சை ஓங்கிய ஒயின்கள் இருக்கின்றன. அங்குள்ள போயாக் ஊர், ஒயினுக்கும் பேர்போனது, பால்குடி ஆட்டுக்கும் பேர்போனது. போர்தோ ஒயின்களின் 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையில் முதல் வகுப்பில் இருக்கும் லஃபீத், லத்தூர் தோட்டங்கள் இரண்டும் இந்த ஊர்தான். இதே ஊரின் மூத்தோன் 1973-இல் முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது. அந்தப் பெயர்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஓ-மெதோக், லிஸ்ட்ராக், மூலி என்று லேபிளில் எழுதிய, ஐந்தாறு வயதான ஒரு நல்ல பாட்டில் இந்தத் தட்டுக்குப் போதும். ஒரு துண்டு ஆட்டிறைச்சியை மென்று, அது வாயில் இருக்கும்போதே ஒரு மடக்கு எடுத்துப்பாருங்கள். துவர்ப்பு கொழுப்பைத் துடைத்துவிடும், கறுப்புத் திராட்சைப் பழச்சுவை பின்னாலிருந்து எழும், அடுத்த துண்டுக்கு நாக்கு தயாராகிவிடும். பொருத்தம் என்று நான் சொல்வது இந்த முன்னும் பின்னுமான நகர்வைத்தான்.

வேறு தட்டானால்:

மாட்டிறைச்சியை பூர்கோன் முறையில் மணிக்கணக்கில் வேகவைத்தால் பினோ நுவார் திராட்சையின் சிவப்பு. சமையலுக்கு எளிய ஒயின் போதும், மேசைக்கு அதே ஊரின் மேலான ஒயின், உதாரணத்துக்கு மெர்க்குரே அல்லது ஜெவ்ரே-ஷாம்பெர்த்தேன். மிளகு சாஸ் ஊற்றிய ஸ்டேக்குக்கு வடக்கு ரோன் பள்ளத்தாக்கின் சிரா. க்ரோஸ்-எர்மித்தாஜ், சேன்-ஜோசெஃப் கேட்டு வாங்குங்கள். சிரா ஒயினில் மிளகு மணம் வருகிறது என்று சொல்வது கற்பனை இல்லை. மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் சிரா திராட்சையின் தோலிலும் இருக்கிறது. மிளகு மணத்தில் வளர்ந்த நமக்கு இந்த ஜோடி உடனே பிடித்துப்போகும்.

வாத்துக்கறியும் பீன்ஸும் சேர்ந்த காசூலே தென்மேற்கின் உணவு. அந்தக் கொழுப்பைத் தாங்க மால்பெக் ஓங்கிய காஓர் அல்லது தன்னா திராட்சையின் மதிரான் வேண்டும். அல்ஸாஸின் புளித்த முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும் சேர்ந்த ஷுக்ரூத், இறைச்சித் தட்டாக இருந்தும் வெள்ளை ஒயினைத்தான் கேட்கும். அங்குள்ள ரீஸ்லிங் வெள்ளையின் புளிப்பு அந்தப் புளிப்புக்கு ஈடு கொடுக்கும். மார்செய்யின் மீன் சூப்பான பூய்யபேஸில் குங்குமப்பூ, பூண்டு, தக்காளி எல்லாம் இருப்பதால் பக்கத்து ஊரான காசீஸின் வெள்ளையோ, பாந்தோலின் ரோசே என்ற இளஞ்சிவப்பு ஒயினோ எடுக்கலாம். 1936-இல் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புப் பெற்ற முதல் சில ஒயின்களில் காசீஸும் ஒன்று.

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் உணவும் ஒயினும் ஒரே ஊர் என்பதைக் கவனித்திருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே மேசையில் இருந்தவை அவை. கடையில் குழம்பிப்போய் நின்றால், உணவு எந்த ஊர் என்று கேட்டு அந்த ஊர் ஒயினை எடுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். நார்மண்டியில் சொல்லிக்கொள்ளும்படி ஒயின் கிடையாது. அங்கே ஆப்பிள் சைடர்தான் துணை.

முதல் தட்டு: சிப்பி

சிப்பியைத் திறந்ததும் முதலில் உள்ள நீரை ஊற்றிவிடுங்கள். சில நிமிடங்களில் இரண்டாவது நீர் சுரக்கும். அதுதான் சுவையானது, அதிகக் கரிப்பும் இருக்காது. இதற்கு உப்பு, கடல் மணம், மெல்லிய இனிப்பு எல்லாம் உண்டு, கொழுப்பு மிகக் குறைவு. ஓக் பீப்பாயின் வெண்ணிலா மணம் ஏறிய ஒயின் இதை நசுக்கிவிடும். துவர்ப்பான சிவப்பு, பயிற்சியில் பார்த்த மத்திமீன் கதைதான்.

என் முதல் தேர்வு நாந்த் நகரைச் சுற்றி விளையும் மஸ்கடே. மெலோன் த பூர்கோன் என்ற திராட்சை. லேபிளில் 'சுர் லீ' என்று இருக்கிறதா பாருங்கள். நொதித்து முடிந்தபின் அடியில் படியும் ஈஸ்ட் வண்டலோடு குளிர்காலம் முழுக்க விட்டுவைத்தது என்று அர்த்தம். ஒயினுக்குச் சற்றுக் கனமும் நாக்கில் லேசாகச் சுருக்கென்ற உணர்வும் அதனால்தான் வருகிறது. விலையும் குறைவு. பிரதான ஒயினுக்குப் பணத்தை மிச்சப்படுத்த இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டாவது ஷாப்லி. பூர்கோனின் வட முனையில், குளிர்ந்த மண்ணில் விளையும் ஷார்டொனே. அந்த மலைச்சரிவுகளின் சுண்ணாம்பு மண்ணில் ஜுராசிக் காலத்துச் சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் கொட்டிக்கிடக்கின்றன. அதனால்தான் சிப்பியோடு பொருந்துகிறது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். நான் அதை அப்படியே ஏற்பதில்லை. குளிரில் மெதுவாகப் பழுத்ததால் தங்கிய புளிப்பும், பெரும்பாலும் புது ஓக் மணம் இல்லாததும்தான் காரணம். மத்தியதரைக் கடற்கரையில் இருப்பவர்கள் தோ காயல் சிப்பிக்கு, அதன் கரையிலேயே விளையும் பிக்பூல் த பினே ஊற்றுகிறார்கள், அதுவும் அருமை.

வெங்காயம் போட்ட வினிகர் சாஸை மேசையில் வைக்கலாம், ஆனால் சிப்பி முழுக்க வினிகரில் மூழ்கினால் எந்த ஒயினும் தோற்றுவிடும். எலுமிச்சை இரண்டு சொட்டு போதும்.

முதல் தட்டாக ஆட்டுப்பால் சீஸ் சாலட் வைத்தால் சான்சேர். சொவிந்யோன் பிளான் விளையும் அந்தப் பகுதிக்குள்ளேயே ஷவின்யோல் கிராமம் இருக்கிறது; புகழ்பெற்ற குரோத்தேன் சீஸ் அங்கிருந்துதான் வருகிறது. பதப்படுத்திய பன்றி இறைச்சித் தட்டுக்கு லேசாகக் குளிரவைத்த பூஜொலே. அதன் பத்து மேல்தர ஊர்களில் ஃப்ளூரி, மோர்கோன் இரண்டையும் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். அஸ்பரகஸ் ஒயினோடு சண்டைபோடும் காய். இனிப்பில்லாத அல்ஸாஸ் மஸ்கா மட்டும் அதோடு சமாதானமாகப் போகும். ஆர்ட்டிசோக் இன்னும் மோசம். அதிலுள்ள ஒரு பொருள், பின்னால் குடிக்கும் எதையும் போலி இனிப்பாக்கிவிடும். ஒயின் முக்கியம் என்றால் அன்று அதைத் தவிருங்கள்.

வாத்து ஈரலான ஃபுவா கிராவைத் தனியாகச் சொல்லவேண்டும். அதற்கு சொத்தேர்ன் இனிப்பு ஒயின் ஊற்றுவது நெடுநாள் வழக்கம், பொருத்தத்திலும் குறை சொல்லமுடியாது. ஆனால் விருந்தின் தொடக்கத்திலேயே இவ்வளவு இனிப்பைக் குடித்தால், அடுத்து வரும் இனிப்பற்ற சிவப்பு கசந்துபோகும். வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு சின்னக் கிளாஸோடு நிறுத்தி, பிரதானத் தட்டுக்கு முன் தெளிந்த சூப் ஏதாவது கொடுத்து வாயைச் சுத்தம் செய்யுங்கள். இல்லையெனில் வயதான ஒரு ஷாம்பெய்னை அதோடு கொடுங்கள்.

அப்பெரிதிஃப்

விருந்தினர் வந்து உட்கார்ந்ததும் கொடுப்பது, பசியைத் தூண்டவேண்டும். அதனால் இனிப்பு வேண்டாம். திழோன் நகரில் 1945 முதல் 1968 வரை மேயராக இருந்த ஃபெலிக்ஸ் கீர் பெயரால் வழங்கும் கீர் பானத்தை நிறைய வீடுகளில் தருவார்கள். அலிகோத்தே வெள்ளை ஒயினில் ப்ளாக்கரன்ட் என்ற கருநிறச் சிறுபழத்தின் லிக்கர் கலந்தது. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்து சிப்பி வரும் விருந்தில் அந்த இனிப்பு இடைஞ்சல்.

நுரைக்கும் ஒயினே சரி. ஷாம்பெய்ன் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிப்பதால் குமிழி வருகிறது. 'ப்ரூத்' என்றிருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா ப்ரூத்' என்றால் 6 கிராம் வரை. 'செக்' என்ற சொல்லைப் பார்த்து இனிப்பில்லாதது என்று வாங்கிவிடாதீர்கள். ஷாம்பெய்னில் அது 17 முதல் 32 கிராம் வரை. நம் கூஜேர் பூர்கோன் பலகாரம் என்பதால் க்ரெமோன் த பூர்கோன் வாங்கினால் போதும். செய்முறை ஷாம்பெய்னைப் போன்றதுதான், விலை கணிசமாகக் குறையும்.

திறக்கும் விதம் முக்கியம். பாட்டிலுக்குள் சுமார் 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. மேல் தாளைக் கிழித்து, கட்டைவிரலைத் தக்கையின் தலையில் வைத்துக்கொண்டே கம்பிக்கூட்டின் முறுக்கை ஆறு அரைச்சுற்று அவிழுங்கள். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, ஒரு கையால் தக்கையை அசையாமல் பிடித்து, மறுகையால் பாட்டிலின் அடியைச் சுழற்றுங்கள். தக்கை தானாகவே மேலே வரப்பார்க்கும். நீங்கள் அதைத் தடுத்துக்கொண்டே விடவேண்டும். பெருஞ்சத்தம் வராது, நுரையும் சிந்தாது.

சீஸ்

பிரான்ஸில் சீஸ், இனிப்புக்கு முன்னால் வரும். மேசையில் மிச்சமிருக்கும் சிவப்பை இதோடு முடிப்பார்கள். இங்கேதான் நிறைய விருந்துகள் சறுக்குகின்றன என்பது என் கருத்து. எட்டு வகை சீஸை அடுக்கி, கெட்டுப்போகாத குறையாக நாறும் எப்புவாஸையும் நீலச் சீஸையும் பக்கத்தில் வைத்து, அதற்கு இருபது ஆண்டுப் பழைய போர்தோவை ஊற்றுவார்கள். அந்த ஒயின் அங்கே செத்துப்போகும். சிவப்பு ஒயினுக்கு எல்லா சீஸும் ஒத்துவரும் என்ற நம்பிக்கை தவறு. காமம்பேர், ப்ரீ போன்ற வெண்தோல் மென்சீஸ், துவர்ப்பான சிவப்போடு சேர்ந்தால் வாயில் உலோகச்சுவை வரும். உண்மையில் பெரும்பாலான சீஸ்கள் வெள்ளை ஒயினோடுதான் நன்றாக இருக்கும்.

ஆகவே இரண்டு வழி. மிச்ச சிவப்பை முடிக்கவேண்டும் என்றால், அதற்கேற்ற கெட்டி சீஸ் மூன்று மட்டும் வையுங்கள்: முதிர்ந்த மிமோலெத், பிரெனே மலையின் செம்மறிப்பால் ஒசோ-இராத்தி, ஓவெர்ன்யின் காந்தால். போர்தோக்காரர்கள் தங்கள் ஒயினோடு முதிர்ந்த டச்சு சீஸைச் சாப்பிடும் வழக்கம் பழையது. மிமோலெத் அதன் உறவுதான். நம் ஆட்டுத்தொடை விருந்துக்கு நான் இந்த வழியைத்தான் எடுப்பேன்.

சீஸையே பெரிதாகக் கொண்டாட விரும்பினால், ஒரே சீஸ், அதற்கென ஒரு ஒயின். நன்கு முதிர்ந்த கோந்தேயோடு வேன் ஜோன். இரண்டும் ஜூரா, இரண்டிலும் அக்ரூட் மணம். அல்ஸாஸின் மன்ஸ்டெரோடு, ரோஜாவும் லிச்சியும் மணக்கும் கெவுர்ஸ்ட்ரமினர். ஷாம்பெய்ன் பகுதியின் ஷாவூர்ஸோடு ஷாம்பெய்ன். ரொக்ஃபோரோடு சொத்தேர்ன்: அந்தப் பயங்கர உப்பும் இந்த அடர்ந்த இனிப்பும் ஒன்றையொன்று தணிக்கும். இந்தக் கடைசி ஜோடியை ஒருமுறையாவது சாப்பிட்டுப்பாருங்கள். இவ்வளவு எதிரெதிரான இரண்டு சுவைகள் சேர்ந்து இப்படி அடங்கும் என்று சொன்னால் நம்பமுடியாது.

இனிப்பு

விதி ஒன்றுதான், சர்க்கரைப் பயிற்சியில் பார்த்தது: ஒயின் இனிப்பைவிட இனிப்பாக இருக்கவேண்டும். கேக் வெட்டும்போது ப்ரூத் ஷாம்பெய்ன் திறக்கும் வழக்கம் இதனால்தான் தவறு. நல்ல ஷாம்பெய்ன் அங்கே எலுமிச்சைத் தண்ணீர் ஆகிவிடுகிறது. ஷாம்பெய்ன்தான் வேண்டும் என்றால் 'தெமி-செக்' வாங்குங்கள். லிட்டருக்கு 32 முதல் 50 கிராம் சர்க்கரை.

தார்த் தத்தான், லுவார் நதிக்குத் தெற்கே லமோத்-பெவ்ரோன் ஊரில் விடுதி நடத்திய தத்தான் சகோதரிகளின் பெயரால் வழங்குவது. வெண்ணெயிலும் காரமெலிலும் வதங்கிய ஆப்பிளுக்கு, லுவார் பகுதியின் கொத்தோ த்யு லெயோன் ஊற்றுங்கள். ஷெனேன் திராட்சையை நன்கு பழுத்தபின் பறித்துச் செய்வது. எவ்வளவு இனிப்போ அவ்வளவு புளிப்பும் இருப்பதால் திகட்டாது.

சொத்தேர்னும் இங்கே இடம்பெறும், பழத் தார்த்துக்கு. இலையுதிர்காலக் காலையில், குளிர்ந்த சிரோன் ஓடை வெதுவெதுப்பான கரோன் நதியில் கலக்கும் இடத்தில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் போத்ரித்திஸ் பூஞ்சணம் திராட்சையில் படரும்; மதிய வெயில் அதைக் காயவைக்கும். பழத்தின் நீர் வற்றி, சர்க்கரையும் புளிப்பும் செறிந்துவிடும். பழுத்தபடி பழுத்தபடி பறிப்பதால், ஒரே தோட்டத்துக்குப் பலமுறை திரும்பிப் போகவேண்டும். ஷத்தோ திகெமில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ்தான் தேறும் என்பார்கள். அந்த விலைக்குக் காரணம் புரிகிறது.

சாக்லேட் வந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. ஸ்பெயின் எல்லையை ஒட்டிய கடற்கரைச் சரிவுகளில் விளையும் பான்யுல்ஸ் எடுங்கள். கிரெனாஷ் நொதித்துக்கொண்டிருக்கும்போதே ஆல்கஹால் சேர்த்து நிறுத்திவிடுவதால் திராட்சையின் சர்க்கரை தங்கிவிடுகிறது. கோகோ, உலர்ந்த அத்தி, காப்பி மணம் எல்லாம் அதிலேயே உண்டு. அதே வட்டாரத்தின் மோரியும் அப்படியே. ஐஸ்க்ரீமுக்கு ஒயின் தேடவேண்டாம். குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்துவிடும்.

காப்பிக்குப் பிறகு கோன்யாக், ஆர்மன்யாக், கல்வதோஸ் என்ற பிராந்தி வகைகளில் ஏதாவது விரும்புபவர்களுக்கு மட்டும் சின்னக் கிளாஸில்.

வாங்குவது

பிரெஞ்சு லேபிளில் பெரும்பாலும் ஊர்ப்பெயர்தான் இருக்கும், திராட்சைப் பெயர் இருக்காது. அல்ஸாஸ் இதற்கு முக்கிய விலக்கு. வெள்ளை பூர்கோன் என்றால் ஷார்டொனே, சிவப்பு பூர்கோன் என்றால் பினோ நுவார், பூஜொலே என்றால் கமே, வெள்ளை சான்சேர் என்றால் சொவிந்யோன் பிளான், வூவ்ரே என்றால் ஷெனேன் என்று ஐந்தாறு மனப்பாடம் செய்துகொண்டால் போதும். அல்ஸாஸ் வாங்கும்போது இனிப்பு அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'செக்' என்றால் அங்கே உண்மையாகவே இனிப்பில்லாதது.

ஆறு பேருக்கு க்ரெமோன் ஒன்று, மஸ்கடே ஒன்று, மெதோக் இரண்டு, இனிப்பு ஒயின் 37.5 சென்டிலிட்டர் அரைப் பாட்டில் ஒன்று. 75 சென்டிலிட்டர் பாட்டிலில் 12.5 வீதம் ஆறு கிளாஸ் வரும். எல்லாரும் எல்லாவற்றையும் குடிக்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பிரான்ஸில் வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2. ஓட்டிப்போகிறவருக்கும் குடிக்காதவருக்கும் நல்ல திராட்சைச்சாறோ ஆப்பிள் சாறோ அதே கிளாஸில் அதே மரியாதையோடு ஊற்றுங்கள். தண்ணீர் மேசையில் எப்போதும் இருக்கட்டும்.

விருந்து நாள்

சூடு தவறினால் சரியான ஒயினும் கெட்டுவிடும். க்ரெமோனும் மஸ்கடேயும் 8 முதல் 10 டிகிரி, கனமான வெள்ளை பூர்கோன் 12 பக்கம், பூஜொலே 13, பினோ நுவார் 15, போர்தோ 17. சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் வைக்கவேண்டும் என்ற பேச்சு, வீடுகளில் ஹீட்டர் இல்லாத காலத்தது. இன்றைய 22 டிகிரி வரவேற்பறையில் வைத்த சிவப்பில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். பரிமாறுவதற்கு முன் அரைமணிநேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளையோ நேர்மாறு: ஃப்ரிட்ஜின் 4, 5 டிகிரியில் மணமே எழாது. பதினைந்து நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். அவசரத்துக்குக் குளிரவைக்க, வெறும் ஐஸைவிட ஐஸும் தண்ணீரும் கலந்த வாளி வேகமாக வேலை செய்யும்.

இளம் மெதோக்கை, ஆட்டுத்தொடையை அடுப்பில் வைக்கும்போதே அகன்ற ஜாடிக்கு மாற்றிவிடுங்கள். தக்கையை மட்டும் எடுத்துவிட்டு பாட்டிலை அப்படியே வைத்தால் காற்று பட இடமில்லை, பயனும் இல்லை. மிகப் பழைய ஒயின் என்றால் முன்கூட்டியே ஊற்றாதீர்கள். பரிமாறும் நேரத்தில் வண்டல் வராமல் மெதுவாக ஊற்றினால் போதும். திறந்ததும் நீங்கள் முதலில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்துபாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கை கெடுத்துவிட்டது. காற்றுப் பட்டுச் சரியாகாது, வேறு பாட்டில் திறக்கவேண்டியதுதான். அதனால் சிவப்பில் ஒன்றைக் கூடுதலாக வாங்கிவைப்பது நல்லது.

கிளாஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பவேண்டாம். சிப்பி முடியும்வரை சிவப்பைக் கண்ணில் காட்டாதீர்கள். ஒயின் எப்போதும் தட்டுக்கு ஒரு நிமிடம் முன்னால் போய்ச் சேரட்டும்.

மிஞ்சியதற்குத் தக்கையை அடைத்து, சிவப்பானாலும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மெதோக் இரண்டு மூன்று நாள் தாங்கும், மஸ்கடேயும் அப்படியே. கொத்தோ த்யு லெயோன் ஒரு வாரம் போகும். பான்யுல்ஸ் வாரக்கணக்கில் இருக்கும். க்ரெமோனுக்கு அழுத்திப் பூட்டும் மூடி தனியாக வாங்கவேண்டும். அதோடுகூட மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.